குப்பை இல்லாத ஒன்பது வீடுகள்

எங்கள் தெருவில் நாற்பத்தாறு வீடுகள். மந்தாரக்குப்பத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் வாசல்வரை நடந்தால் அறுநூற்றுப் பத்து எட்டு. முழங்கால் வலி வந்த பிறகு அது எழுநூற்றைத் தாண்டிவிட்டது. தெரு நீளவில்லை, என் எட்டுதான் குறுகிவிட்டது.

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. நிலக்கரிச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். எந்த ஷிப்டுக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வரவில்லை என்பதுதான் என் வேலை. இன்றைக்கும் முப்பது, நாற்பது பேருடைய டோக்கன் எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முகம் கேட்டால் நான்கைந்து தேறலாம்.

வேலையில் இருந்தவரை டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அகலமான தெரு, இரண்டு பக்கமும் மரம். குப்பையை வெளியே வைத்தால் போய்விடும். எங்கே போகிறது என்று அத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்கு வந்தோம். பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே தெருக்கோடியில் ஒரு காலிமனை. எல்லா வீட்டுக் குப்பையும் அங்கேதான் விழும். வாரத்தில் மூன்று நாள் யாராவது கொளுத்துவார்கள். காய்கிற துணியில் புகை, சோற்றில் புகை. நான் தினமும் முணுமுணுத்தேன். என் மனைவி ஒரு நாள், "முணங்குறதுக்குப் பதிலா ஏதாச்சும் செய்யுங்களேன்" என்றாள். அவள் சொன்னதால்தான் செய்தேன் என்று பழியை அவள்மேல் போட மாட்டேன். அவள் சொன்னது வேறு, நான் செய்தது வேறு.

அந்தச் சமயத்தில் ஓய்வு பெற்றவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஓர் அம்மாள் பேச வந்திருந்தார். ஊரைத் திருத்துகிறவர் முதலில் தான் மற்றவர்களை எப்படிப் பார்க்கிறோம் என்று தன்னையே கவனிக்க வேண்டும், அது மாறாமல் வெளியில் செய்கிற மாற்றம் நிற்காது என்கிற மாதிரி பேசினார். பிறகு, பக்கத்தில் இருப்பவர் பேசுவதை ஐந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்தவர் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றிச் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஐந்து என்றால் ஐந்தில் நிறுத்தத் தெரிய வேண்டாமா என்று எரிச்சலாக இருந்தது. அந்த மகனுக்கு என்ன ஆயிற்று என்பது இப்போது நினைவில்லை. கூட்டத்தின் முடிவில் அந்த அம்மாள், ஈரக் குப்பைக்கு ஒரு பக்கெட், காய்ந்த குப்பைக்கு ஒரு பக்கெட் என்று பிரித்து வைக்கும் முறையைச் சொன்னார். அதை மட்டும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கு முன்னால் அவர் சொன்ன எதையும் எழுதவில்லை.

வேறு யாரும் முன்வராததால் தெரு நலச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனேன். வீட்டுக்கு வீடு ஈரக் குப்பைக்கு ஒரு பச்சை பக்கெட், காய்ந்ததற்கு ஒரு சிவப்பு பக்கெட் வாங்கிக் கொடுத்தோம். காலிமனைக்காரரிடம் அனுமதி வாங்கி அங்கே உரக்குழி வெட்டினோம். காலை ஏழே காலுக்குத் தள்ளுவண்டி வரும். பச்சை பக்கெட்டில் இருப்பது குழிக்குப் போகும். இதுவரை எல்லாத் தெருவும் செய்வதுதான். என் வீட்டுக்கு எதிரே உள்ள மளிகைக்கடையின் முன்னால், மின்கம்பத்தில் ஒரு கரும்பலகை மாட்டினேன். அதுதான் என் சொந்த யோசனை. அதில் நாற்பத்தாறு கதவு எண்கள். பச்சை பக்கெட் சரியாக வைத்த வீட்டுக்கு டிக். வைக்காத வீட்டுக்குச் சைபர். கீழே அன்றைய மொத்தம்.

தினமும் வண்டியோடு நானும் நடந்து ஒவ்வொரு பக்கெட்டையும் எட்டிப் பார்ப்பேன். மளிகைக்கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்க சார், அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா? ஓவர்டைம் உண்டா?" என்பார். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் வாரத்திலேயே முப்பத்தேழு. அதற்கு மேல் ஏறவில்லை. தெருவின் கடைசியில் லைன் வீடுகள் ஒன்பது இருக்கின்றன. ஒரே சுவர், ஒரே கூரை, வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். அந்த ஒன்பது வாசலிலும் பச்சை பக்கெட் வரவே வராது. சிவப்பு மட்டும் இருக்கும். அதிலும் பால் கவர், மசாலா கவர் எல்லாம் அலசி மடித்துக் கிடக்கும். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை. இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்கள், தெருமேல் என்ன அக்கறை இருக்கும் என்றுதான் மனதுக்குள் ஓடியது. பர்மனென்ட் வேலையில் இருந்தவனுக்குக் காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி இருக்கிற நினைப்பு அது. அதை எழுதவே கை கூசுகிறது.

அதில் மூன்றாவது வீட்டுக்காரர் இளைஞர். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கதவைத் தட்டி பச்சை பக்கெட் எங்கே என்று கேட்டேன்.

"எங்க வூட்ல குப்பையே இல்லைங்க சார்."

"சமைக்கிறதில்லையா?"

"சமைக்கிறோங்க."

"அப்புறம் எப்படிப்பா குப்பை இல்லாம போகும்?"

"அது எங்க வூட்டுக்காரிக்குத்தாங்க தெரியும். தண்ணி புடிக்கப் போயிருக்குது, இப்ப வந்துடும். எனக்குக் கண்ணு சொருகிகினு வருது சார்."

அவர் மனைவி வரும்வரை நின்றிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் நிற்கவில்லை. குப்பை இல்லாத வீடு உலகத்தில் உண்டா என்று வண்டி தள்ளுகிற பெண்ணிடம் சொல்லிக்கொண்டே போய்ச் சைபர் போட்டேன்.

ஆயிரக்கணக்கான பேருக்கு ஷிப்ட் எழுதியவன் நான். ஆனால் என் வேலை என்றும் ஜெனரல் ஷிப்ட், பகலில் மட்டும். காலை ஏழேகால் என்பது அந்த ஒன்பது வீட்டிலும் ஒருவர் தூங்கப் போகிற நேரம், இன்னொருவர் வேலைக்கு ஓடுகிற நேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் கதவைத் தட்டியவனுக்கு யார் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்கள்?

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். மதியம் இரண்டிலிருந்து மூன்றேகால்வரை நான் தூங்குவேன். அந்த நேரத்தில் மாட்டுக்காரம்மா கொல்லைப்புறம் வருவாள். தெருவில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும். லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இரண்டு மாடு வைத்திருந்தாள், ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. குழாயடியில் என் மனைவி வைத்திருக்கும் பானையில் அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் சேர்ந்திருக்கும். அதை அவள் தன் பெயின்ட் டப்பாவில் ஊற்றிக்கொண்டு போவாள். எனக்கு அந்தப் பானையின் புளித்த வாடை ஆகாது. திட்டம் தொடங்கிய அன்றைக்கே அதை எடுக்கச் சொன்னேன்.

"செயலாளர் வீட்டு பக்கெட்டே காலியா இருந்தா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"உங்க பக்கெட் நிறையறதுக்கு வாயில்லாத மாட்டைப் பட்டினி போடணுமாக்கும்?" என்றாள். ஆனால் பானையை எடுத்துவிட்டாள். எத்தனையோ விஷயத்தில் என்னிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள்.

பலகையில் சைபர் தொடர்ந்தது லைன் வீடுகளின் சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டு எண்களுக்கு நேரே சைபரா என்று குடியிருப்பவர்களிடம் சத்தம் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் ஒவ்வொரு பச்சை பக்கெட்டாக வாசலுக்கு வந்தது. முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு. இரண்டாம் மாதம் முடியும் முன் ஒரு நாள் நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு லட்டு கொடுத்தோம். சங்கத் தலைவர் எனக்குச் சால்வை போட்டார். அந்த எண்ணைப் பெரிதாக, வண்ணச் சாக்பீஸில் எழுதினேன்.

அன்று மாலை மாட்டுக்காரம்மா என் கேட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு பெயின்ட் டப்பா, இரண்டும் காலி.

"சார், ஒரு வார்த்தை பேசணுங்க."

"சொல்லும்மா."

"நாலு நாளா எங்கயும் கழனித்தண்ணி கெடைக்கலைங்க. கேட்டா, சார் போர்டு வெச்சிருக்காரு, பக்கெட்டுலதான் கொட்டணும்னு சொல்றாங்க."

"ஆமாம்மா. தெருவுக்கு நல்லதுதானே?"

"தெருவுக்கு நல்லதுதாங்க. எம் மாட்டுக்கு? அந்தக் கடைசி லைன் வூடு ஒன்பதும் எனக்குத்தாங்க எடுத்து வெச்சிகினு இருந்துச்சு. அந்த ஒன்பதுக்கும் நீங்க சைபர் போட்டீங்க."

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய். அந்த வீடுகளில் குப்பை இல்லை என்று அந்த இளைஞர் சொன்னது உண்மை. ஆனால் பலகையில் நாற்பத்தாறு என்று எழுதிய சாக்பீஸ் தூள் இன்னும் என் விரலில் இருந்தது. ஒன்பதைக் கழித்தால் மறுபடியும் முப்பத்தேழு. அதை என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. நீ வேணும்னா குழியிலேர்ந்து எடுத்துக்கோயேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "குழியில கொட்டுனத மாடு துன்னுமா சார்? உள்ள ப்ளேடு கெடக்கும், ஊசி கெடக்கும், எல்லாங் கெடக்கும். எனக்குன்னு எடுத்து வெக்கறப்ப பாத்துப் பாத்து வெப்பாங்க. கறுப்பி துன்னப் போவுதுன்னு தெரியும். பக்கெட்டுக்கு யாரு சார் பாத்து வெப்பாங்க?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கம்மாபுரம் பக்கம் எங்களுக்கு நெலம் இருந்துச்சுங்க. மைன்ஸுக்குப் போயிடுச்சு. அங்கேர்ந்து நான் ஓட்டியாந்தது இந்த மாட்டு வம்சந்தான். மேய்க்க எடமில்ல, வைக்கோல் வெலைக்கு வாங்கிப் போட்டு ரெண்டு மாட்ட வெச்சிக்க முடியாதுங்க. பாதித் தெருவாச்சும் வுட்டுக்குடுங்க சார்."

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"சரிங்க. உங்க போர்டுல டிக் போட்டா மாடு பால் குடுக்குதான்னு பாக்கறேன்."

எதிரே மளிகைக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே என் மனைவியும் சிரித்த சத்தம் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாட்டுக்காரி என்னைக் கேலி செய்கிறாளா என்கிற கோபம். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அந்தக் கோபம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மறுநாளாவது இறங்கி வந்திருப்பேனோ என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன். தெருவைத் திருத்தப் புறப்பட்டவனுக்கு ஒரு சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மூன்று வாரத்தில் கறுப்பு மாட்டைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் யாருக்கோ விற்றாள். அடுத்த மாதம் செவலை போயிற்று. பிறகு கொட்டகையைப் பிரித்துவிட்டு, கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கும் பலகையில் நாற்பத்தாறு.

மழைக்காலம் வந்ததும் உரக்குழியில் தண்ணீர் நின்று நாற ஆரம்பித்தது. குழியில் மாட்டுக்காரம்மா சொன்ன ப்ளேடும் கிடந்தது, மருந்து அட்டையும் கிடந்தது. வண்டிக்காரப் பெண்ணின் கையில் ஒரு நாள் கண்ணாடிச் சில்லு கிழித்தது. அதோடு அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் நாற்பது நாள் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது மூன்று வீட்டு வாசலில் மட்டும் பச்சை பக்கெட் இருந்தது. மற்ற பக்கெட்டுகள் குளியலறைக்குப் போய்விட்டன. என் பலகையில் யாரோ 'வீடு வாடகைக்கு' என்று எழுதியிருந்தார்கள். காலிமனையில் குப்பை முன்பைவிட உயரம். முன்பெல்லாம் அதில் காய்ந்த குப்பைதான் அதிகம். இப்போது ஊசிப்போன சோறும் தோலும் சேர்ந்து, எரியவும் எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம், மாட்டுக்காரம்மா மொத்தம் எத்தனை வீட்டில் வாங்கினாள் என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். லைன் வீடு ஒன்பது. டீச்சர் வீடு, மாடி வீடு இரண்டும், தையல்காரர் வீடு... இருபத்து மூன்று.

"சரிபாதி!" என்றேன். "இதை ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல பேசினா விட்டுப்போச்சுன்னு கத்துவீங்கல்ல?"

இருபத்து மூன்று வீடுகளில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் டிக் போடாமல், எத்தனையோ வருடமாகக் குப்பையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் துணுக்கு, ஒரு குண்டூசி தவறி விழாமல் பார்த்திருக்கிறார்கள். தெரிந்த ஒருத்தியின் தெரிந்த மாடு தின்னப் போகிறது என்பதற்காக. நான் கொண்டுவர நினைத்தது அங்கே ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் நான் நிறுத்திவிட்டேன்.

போய்ப் பார்ப்போம் என்று சொன்னது என் மனைவிதான். போன மாதம் ஒரு காலை பஸ் பிடித்து இருவரும் போனோம். மகள் வீட்டு முற்றத்தில் முருங்கை உருவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்கம்மா, வாங்க சார். அய்ய, இம்மாம் தூரம் காலு வலியோட வந்திருக்கீங்களே, குந்துங்க" என்று நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். காண்ட்ராக்டில் பெருக்குகிற வேலைக்குப் போகிறாளாம். மாடு இல்லை.

நான் செய்தது தவறு என்று சொன்னேன். வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தும் நான்கு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பிறகு, தெருவில் எல்லாரிடமும் நானே பேசி வைக்கிறேன், திரும்பி வந்து ஒரு மாடாவது கட்ட முடியுமா என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், அந்த வூடுங்கல்லாம் எனக்கு ஒரே நாள்ல வந்ததில்லைங்க. மொத வருசம் ரெண்டு வூடு. அப்பறம் ஒருத்தருக்கு ஒடம்பு முடியலன்னா போயி ஒக்காந்து, ஒரு நல்லது கெட்டதுன்னா நின்னு, அப்படி ஒண்ணொண்ணா சேந்தது. பதினோரு வருசம் ஆச்சு. நீங்க ரெண்டு மாசத்துல நிறுத்திட்டீங்க. இன்னோரு பதினோரு வருசத்துக்கு ஒடம்புல தெம்பு இல்லைங்க."

நான் தலையாட்டினேன். அதில் பேரம் பேச ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது அவள், டீச்சருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆகிவிட்டது என்று மனைவி சொன்னாள். தையல்காரர் மகளுக்கு வரன் குதிர்ந்ததா? எனக்குத் தெரியவில்லை. மாடி வீட்டுப் பையன் மறுபடி கல்லூரிக்குப் போகிறானா? எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. பிறகு உருவி வைத்திருந்த முருங்கைக் கீரையை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இத லைன் வூட்ல மூணாவது வூட்டுல குடுத்துடுங்க சார். புள்ள பெத்து இருவது நாளாவுது, பால் பத்தலைன்னு அழுவுது. தெனம் போன்ல பேசிகினுதான் இருக்கறோம்."

மூன்றாவது வீடு. குப்பையே இல்லை என்று என்னிடம் சொன்ன இளைஞரின் வீடு. என் வாசலிலிருந்து எண்பத்தைந்து எட்டு. அங்கே ஒரு குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே அங்கே போனேன். கதவைத் தட்டினேன். அவர்தான் திறந்தார். தூக்கக் கலக்கம். என்னைக் கண்டதும் அவசரமாகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சார், பக்கெட்டு உள்ளதாங்க இருக்குது. துணி ஊற வெச்சிருக்கோம். காலி பண்ணி எடுத்தாரட்டுங்களா?"

"அதுக்கு வரலப்பா. மாட்டுக்காரம்மா இதைக் குடுக்கச் சொன்னாங்க."

பையை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "அம்மா கீரை குடுத்தனுப்பியிருக்குது பாரு" என்று மனைவியிடம் சொன்னார். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. "ரொம்ப டேங்க்ஸுங்க சார்" என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அழுகிற குழந்தையைப் பார்க்க உள்ளே ஓடினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோது எதிரில் கதவுதான் இருந்தது. இன்னொரு முறை தட்டலாமா என்று சற்று நேரம் நின்றேன். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனிதர், தூங்கட்டும் என்று திரும்பி நடந்தேன்.